சிரிக்காத இரண்டு நாட்கள்

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே ஆப்பிளைக் கடித்தவளுக்கு, வாய்க்குள் சில்லென்று காற்று புகுந்தது. கண்ணாடியில் பார்த்தாள். மேல்வரிசை முன்பல் பாதிதான் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பீங்கான் தகடு ஆப்பிளில் குத்திக்கொண்டு நின்றது.

சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த பல் அது. கவுண்டரில் உட்காருபவர்கள் பளிச்சென்று சிரிக்க வேண்டும் என்று மூன்று வருடங்களுக்கு முன் அலுவலகத்தில் பயிற்சி கொடுத்தார்கள். அப்போதுதான் போய் ஒட்டிக்கொண்டாள். "இதுக்குப் பேரு வெனீர்" என்று பல் டாக்டர் சொன்னதும், கூட வந்த கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரச்சாமான் பட்டறையில் அவன் செய்வதும் வெனீர் வேலைதான். நல்ல மரத்திலிருந்து காகிதம்போல் சீவியெடுத்த தகட்டைச் சாதாரணப் பலகையின் மேல் ஒட்ட வேண்டும். "என் பொண்டாட்டியும் இப்ப நம்ம சரக்குதான்" என்று ஒரு வாரம் பட்டறையில் சொல்லித் திரிந்தான்.

டாக்டருக்குப் போன் செய்தாள். நாளை மறுநாள் வரச் சொன்னார். ஒரு பல்லுக்காக லீவு கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. உதட்டை மூடிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வாஷிங் மிஷினும் ஃபிரிட்ஜும் பழுதானால் வந்து புகார் கொடுக்கும் அலுவலகம் அது. பதினோரு வருடமாக முதல் கவுண்டரில் இருப்பதால் எல்லோருக்கும் அவள் 'முதல் கவுண்டர்'தான். வந்தவரைப் பார்த்ததும் சிரிக்க வேண்டும், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்ல வேண்டும், விரைவில் தொடர்பு கொள்கிறோம் என்று அனுப்பிவைக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளுக்கு இது வரும்.

அன்று முதலில் வந்தவள் குழந்தைகள் காப்பகம் நடத்துபவள். ஐந்து வாரத்தில் ஐந்தாவது தடவை. வரும்போதே குரல் உயர்ந்திருந்தது.

"இன்னைக்கும் பல்லைக் காட்டி அனுப்பிடலாம்னு பாக்காதீங்க. சொல்லிட்டேன்."

முதல் கவுண்டர் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தாள். வந்தவள் அடுத்த வார்த்தையை விழுங்கினாள்.

"என்னங்க, வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப என் மிஷினுக்காகவா இவ்வளவு வருத்தப்படுறீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் திரையில் இருந்த புகாரைப் படிக்க ஆரம்பித்தாள். இத்தனை நாளும் எண்ணை மட்டும் பார்ப்பாளே தவிர, முழுதாகப் படித்ததில்லை. மெக்கானிக் மூன்று தடவை போனதாகவும், மூன்று தடவையும் கதவு பூட்டியிருந்ததாகவும் எழுதியிருந்தது. திரையை வந்தவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பூட்டியிருந்துச்சா? இருபத்திரண்டு குழந்தைங்களை உள்ள வெச்சுப் பூட்டிட்டு நான் எங்கங்க போவேன்?"

முதல் கவுண்டர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போனை எடுத்து, புகாரில் எழுதியிருந்த மோட்டார் இருக்கிறதா என்று உதிரிபாகக் கிடங்கைக் கேட்டாள். "அந்த மோட்டாரா? அலமாரியில ரெண்டு சும்மா கிடக்கு. யாரும் கேக்கலையே" என்றார்கள்.

அவளுக்குக் காது சுட்டது. இந்தப் பெண்ணைப் பார்த்து நான்கு தடவை சிரித்திருக்கிறாள். பல்லை மறந்து வாய்விட்டே பேசினாள்.

"யாரும் வரவே இல்லைங்க. வந்ததா எழுதி வெச்சிருக்காங்க. தப்பு எங்களோடது. இன்னைக்கு மூணு மணிக்குள்ள ஆள் வரும். வரலைன்னா மோட்டாரைத் தூக்கிட்டு நானே வரேன்."

வந்தவள் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்க பெரிய குழந்தைங்க நாலு பேருக்கும் இதே பல்லுதான் இல்லை" என்று சொல்லிவிட்டு, முதல் தடவையாகக் கத்தாமல் கிளம்பிப் போனாள்.

மூன்று மணிக்குள் மிஷின் ஓடியது. அன்று வந்த மற்றப் புகார்களையும் படித்தாள். 'கதவு பூட்டியிருந்தது' என்பது இன்னும் ஆறு இடங்களில் இருந்தது. போன் செய்து கேட்டதில், ஆறு பேருமே வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவன், "ஒட்டுறது ஒண்ணும் தப்பில்லை" என்றான். "ஊறிப்போன பலகை மேல ஒட்டுறான் பாரு, அதுதான் தப்பு. நாலு மாசத்துல உப்பிக்கிட்டு வந்துரும்."

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். அவர் யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

"மேடம், நீங்க நேத்து முழுக்கச் சிரிக்கலைன்னு கேள்விப்பட்டேன். ஏதாவது மனக்கஷ்டமா?"

"பல்லு போச்சு சார். நாளைக்கு ஒட்டிருவாங்க. ஆனா இதுக்கு என்ன பண்றது?" ஏழு புகார்களையும் அச்செடுத்து மேசையில் வைத்தாள்.

அவர் படிக்கப் படிக்க, அந்த 'மேடம்' என்ற மரியாதை மறைந்துபோனது. "என்னம்மா நீ, எதையாவது கிளறிக்கிட்டு! இதைக் கேக்கப்போயி மெக்கானிக்குங்க ஒண்ணா சேர்ந்து வேலைக்கு வரலைன்னா நானா ஸ்பேனரைத் தூக்கிட்டுப் போவேன்? மேல இருக்கிறவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. பதினோரு வருடத்தில் அந்த மனிதர் உள்ளதைச் சொன்னது அன்றுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பயமா இருக்குன்னு சொல்றீங்க. சரி, அதைப் பேசுவோம். கிடங்குல என்ன இருக்குன்னு என் கம்ப்யூட்டர்லயே தெரியணும். கதவு பூட்டியிருந்தா மெக்கானிக் அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணணும். நான் அந்த வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கிறேன். மெக்கானிக்குங்க திட்டினா என்னைத் திட்டட்டும்."

"ஒரு மாசம்தான் பாப்பேன்" என்றார் அவர், காகிதங்களை அவளிடமே திருப்பிக் கொடுத்தபடி.

அடுத்த நாள் டாக்டர் பல்லை ஒட்டினார். அவளும் பழையபடி சிரித்தாள், ஆனால் புகாரைப் படித்து முடித்த பிறகு. அந்த மாதக் கடைசியில் ஐந்தாவது தடவை வருகிறவர் என்று வரிசையில் ஒருவரும் இல்லை. மெக்கானிக்குகளில் இரண்டு பேர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். வேலை நடந்துவிடுவதால் அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு மாதம் என்ற பேச்சை மேனேஜர் மறுபடி எடுக்கவேயில்லை.

ஒரு திங்கட்கிழமை இரண்டாவது கவுண்டர்க்காரி, கிடங்கு இருப்பு தன் கம்ப்யூட்டரிலும் தெரிய வேண்டும் என்று கேட்க மேனேஜர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டக்கூட இல்லை.