முப்பத்தெட்டுப் படிக்கு ஓர் அல்சேஷன்

“உங்களுக்குத் தேவை மடியில வெச்சுக் கொஞ்சுற நாய் இல்லம்மா, கடிக்கிற நாய்” என்று ரமேஸ் கத்திக்கொண்டிருந்தான்.

“கடிக்கிற நாய்னா மொதல்ல என்னையத்தான் கடிக்கும். வீட்டுல வேற யாரு இருக்கா?” என்றாள் அவன் தாய் ஜெயராணி. அவளும் குரலைக் குறைக்கவில்லை.

அம்பிட்டிய மலைச்சரிவில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் எதிரெதிர். அந்த ஞாயிற்றுக்கிழமை, காய்ந்துபோன துணியை மறுபடி உதறிக் காயப்போடும் சாக்கில் நான் வாசலில் நின்றேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவ்வளவு சத்தத்துக்கும் வெளியே வராமல் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் நான் நம்பமாட்டேன்.

விஷயம் இதுதான். ஜெயராணியின் கணவர் முத்துலிங்கம், மாநகர சபையில் கிளார்க்காக இருந்தவர், இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் ரமேஸுக்குக் கொழும்பில் வங்கி வேலை, வெள்ளவத்தையில் ஏழாம் மாடியில் பிளாட். அம்பிட்டிய வீட்டில் ஜெயராணி தனி. அதற்கு முந்தின மாதம் மேல்வீட்டுக் குசினிக்குள் எவனோ புகுந்து காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனான். அன்றிலிருந்து ரமேஸ், வீட்டை வித்துட்டு எங்களோட வந்துருங்க என்று ஒரே பாட்டு. அவள் மாட்டவே மாட்டேன் என்றாள். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தான். வீட்டில் காவலுக்கு ஒழுங்கான நாய் ஒன்று இருக்கிற வரைக்கும் அம்மா அங்கேயே இருக்கலாம். நாய் இல்லையென்றால் கொழும்பு.

ஆக, முப்பது வருஷம் இருந்த வீட்டில் ஜெயராணி இருப்பதா போவதா என்பது ஒரு நாயின் கையில் வந்து நின்றது.

அதன்பிறகு எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுக்க நாய் ஆலோசனைதான். ரமேஸுக்குப் பெண் பார்த்தபோதுகூட இத்தனை பேர் வாய் வைக்கவில்லை. முனை வீட்டு மோகனராஜ், லாப்ரடோர்தான் சாது என்றார். அவருடைய லாப்ரடோர் சாதுவாக இருந்துகொண்டே இரண்டு சோடிச் செருப்பையும் ஒரு கதிரைக் காலையும் தின்று முடித்திருந்ததை அவர் சொல்லவில்லை, நான் சொன்னேன். என் யோசனை பொமரேனியன். கொஞ்சமாய்ச் சாப்பிடும், நிறையக் குரைக்கும், டீவி பார்க்கும்போது பக்கத்தில் படுத்துக்கொள்ளும். ஜெயராணிக்கும் அதில்தான் மனம். அவளுக்கு வயது அறுபத்து மூன்று. வலது முழங்கால் அடிக்கடி வீங்கும். ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏற முப்பத்தெட்டுப் படி.

பொமரேனியனைத் திருடன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான் என்று ரமேஸ் சொல்லிவிட்டான். நாலு நாள் யூடியூப் பார்த்து அவனே முடிவெடுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை வேனிலிருந்து இறங்கியது ஆறு மாதத்து அல்சேஷன், பெயர் ரெக்ஸ். குட்டி என்றார்கள். அதன் பாதம் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு இருந்தது.

சண்டையில் ரமேஸ்தான் வென்றான். பின்னேரம் புறப்படும்போது நாயின் தலையைத் தடவி, அம்மாவைப் பாத்துக்க என்றான். அம்மாவிடம் சங்கிலியைக் கொடுத்தான்.

முதல் சிக்கல் சாப்பாட்டில் வந்தது. முத்துலிங்கம் போனதிலிருந்து ஜெயராணி சுத்த சைவம், அந்தக் குசினிக்குள் முட்டைகூட ஏறாது. ரெக்ஸுக்கும் பருப்பும் சோறும்தான், வெள்ளிக்கிழமையில் கொஞ்சம் பாயாசம். இரண்டு மாதத்தில் மயிர் கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த மிருக வைத்தியர், நாயை வளர்க்கிறீங்களா பூசாரியை வளர்க்கிறீங்களா என்று கேட்டாராம். படியிறங்கும்போது அவரே என்னிடம் சொன்னது.

பக்கத்து மதிலுக்கு அந்தப்புறம் ஸக்கியா. அவள் கணவர் ரிஸ்மி மடவளையில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருக்கிறார், தினமும் துண்டு துணுக்கு மிஞ்சும். ஆனால் நாயின் எச்சில் பட்டால் மார்க்கப்படி ஸக்கியா ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. ஜெயராணியோ மாட்டிறைச்சியைக் கையால் தொடமாட்டாள். இரண்டு பேரும் மதிலடியில் நின்று யோசித்து ஒரு வழி கண்டார்கள். ஸக்கியா தனிப் பானையில் அவித்து, மதில் மேல் வைத்த பேசினுக்குள் கொட்டிவிட்டு இரண்டடி தள்ளி நிற்பாள். ஜெயராணி சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, பேசினில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இந்தப்பக்கம் இறக்குவாள். ஒருத்திக்கு நாய் ஆகாது, ஒருத்திக்கு மாடு ஆகாது. ரெக்ஸுக்கு எல்லாம் ஆகும்.

மயிர் திரும்ப முளைத்தது. கூடவே ஒவ்வொரு நாளும் நாலரை மணிக்கு மதிலடியில் கால்மணி நேரப் பேச்சு. என் ஜன்னலிலிருந்து பார்த்த வரையில், ஒரு நாளில் ஜெயராணி மனிதரோடு பேசும் பேச்சு அவ்வளவுதான்.

காரணம் அடுத்த சிக்கல். அந்த நாய் ஓடவேண்டிய நாய். முதல் வாரம் அவள் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பன்னிரண்டாம் படியில் ரெக்ஸ் இழுத்த இழுப்பில் உட்கார்ந்துவிட்டாள், முழங்கை தோலுரிந்தது. படி வழுக்கிச்சு என்று எல்லாருக்கும் சொன்னாள். ரமேஸுக்கு அதையும் சொல்லவில்லை. அதோடு நடை நின்றது. நடக்காத நாய் தனியே விட்டால் கதவைக் கடித்தது, அவள் திரும்பும்வரை ஊளையிட்டது.

அவள் முதலில் நிறுத்தியது வெள்ளிக்கிழமைக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில். அடுத்தது டவுன். கடைசியில் எங்கள் ஒழுங்கைப் பாப்பம்மாவின் பேத்தி பெரியவளான சடங்குக்குக்கூட, ரெக்ஸ் தனியா இருக்கமாட்டான் அக்கா என்று என் கையில் மொய்யைக் கொடுத்தனுப்பினாள். அவள் தனியாக இருக்கக் கூடாதென்று கொண்டுவந்த நாய். முன்னே வாரத்தில் மூன்று நாளாவது வெளியே போய் நாலு பேர் முகம் பார்த்தவள், இப்போது ஏழு நாளும் வீட்டுக்குள்.

பின்னேரங்களில் அவள் வாசல் கதிரையில் உட்கார்ந்து, பேப்பரில் வரும் மரண அறிவித்தல்களை ரெக்ஸுக்கு வாசித்துக் காட்டுவாள். இவர் நம்ம ஐயாவோட ஒண்ணா சபையில வேலை செஞ்சவரு, நல்ல மனுசன், என்று விளக்கமும் சொல்வாள். ரெக்ஸ் கேட்டின் கம்பிக்குள் மூக்கை நுழைத்து, கீழே ரோட்டில் ஏறும் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கட்டிப்போடு என்று சொன்னது நான்தான். ரமேஸ் கேட்டது நாய். அது ஓடவேண்டும் என்று அவன் கேட்கவில்லையே. ஸக்கியாவும் அது சரி என்றாள். வீடு தங்கவேண்டுமென்றால் வேறு வழியில்லை என்று ஜெயராணிக்கும் தெரிந்தது. கொய்யா மரத்தில் சங்கிலியைச் சுற்றினாள். அதன்பிறகு கோவிலுக்கும் ஒருநாள் போய் வந்தாள், நெற்றி நிறையத் திருநீறோடு.

ரெக்ஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. சங்கிலி எட்டுகிற அளவுக்கு மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. மூன்று வாரத்தில் அந்த வட்டத்தில் புல் தேய்ந்து செம்மண் தெரிந்தது. கழுத்தில் புண்ணும் வந்தது.

ஒரு வியாழக்கிழமை நாலரைக்கு பேசின் இறங்கியது. ரெக்ஸ் எழும்பவில்லை. ஸக்கியா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து இரண்டு தரம் கூப்பிட்டாள். ஜெயராணி போய் மரத்தடியில் வெறும் மண்ணில் உட்கார்ந்தாள், அந்த முழங்காலோடு. சங்கிலியைக் கழற்றினாள். பிறகு பேசினுக்குள் கையை விட்டு, இறைச்சியைச் சின்னச் சின்னதாய்ப் பிய்த்து ரெக்ஸின் வாயில் வைத்தாள். முடியும்வரை வைத்தாள். ஸக்கியா உள்ளே போனாள். நான் ஜன்னலைச் சாத்தினேன், பாதி.

அன்றைக்கே மகனுக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவள் எப்போதும் பேசுவது, ஆகையால் நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. நாயைக் கொடுத்துவிடப் போகிறேன் என்றாள். அப்படியென்றால் என்ன என்று தெரியும்தானே என்று அவன் கேட்டான்.

“தெரியும். வீட்டை வாங்க ஆள் பாரு” என்றாள். “எனக்குத் தோதான நாய் எதுன்னு ஆளாளுக்குப் பாத்தீங்க. அதுக்குத் தோதான ஆளு நானான்னு யாரும் பாக்கல. நானும்தான் பாக்கல.”

சாப்பிட்டீங்களா என்று கேட்டான் அவன்.

முத்துலிங்கத்தின் தங்கை மகன் சுரேஸ், புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் பார்க்கிறான். விடிந்ததிலிருந்து மலை மலையாய் நடந்து வேலை பார்க்கிற ஆள், கல்யாணமும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வந்து ரெக்ஸைச் சங்கிலி இல்லாமல் கூப்பிட்டான். முப்பத்தெட்டுப் படியையும் ரெக்ஸ் ஒரே மூச்சில் இறங்கி வேனில் ஏறியது. ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. ஜெயராணி மேல்படியில் நின்றாள். ஆறுதலாய் ஏதாவது சொல்வோமென்று நான் போய், நன்றியில்லாத நாய் என்றேன்.

“திரும்பிப் பாத்திருந்தா நான் விட்டிருக்க மாட்டேன் அக்கா” என்றாள்.

ஆவணியில் அவள் வெள்ளவத்தைக்குப் போனாள். இரண்டு சூட்கேசும் ஒரு அலுமாரியும்தான், மற்றதெல்லாம் பிளாட்டில் வைக்க இடமில்லையாம். மருமகள் நிஷாந்தினி நல்லவள்தான், ஆனால் பகலில் வீட்டில் ஆள் இருக்காது. வீட்டை வாங்கியவர்கள் இன்னும் குடிவரவில்லை. ஸக்கியாவின் மகள் பஸீஹா, அஷ்பாக் என்ற பையனைக் கல்யாணம் முடித்து அவனோடு கட்டாருக்குப் போனாள், ஸக்கியாவும் ரிஸ்மியும் கடைக்குக் கிட்டவென்று மடவளைக்கே மாறிவிட்டார்கள். சுரேஸ் தையில் புசல்லாவை டீச்சர் ஒருத்தியைக் கட்டினான். மோகனராஜ் மகளோடு போய் இருப்பதற்கு மெல்பேர்னுக்கு விசா போட்டிருக்கிறார். கிடைத்துவிடும் என்றுதான் பேச்சு. நாலரைக்கு நான் ஜன்னலைத் திறந்தால் எதிரில் கொய்யா மரம் மட்டும்தான்.