மூளையின் மதில்

"லபோவைக் கொன்னவனை எனக்கு முப்பது வருஷப் பழக்கம்! அவன் பாட்டன், முப்பாட்டன் எல்லாருமே எனக்கு சலாம் வெச்சவனுங்க!"

செத்தவனின் பாயிலேயே மல்லாந்து படுத்து முழங்கினான் ஹபு. மூன்றாம் நாள் துஆ பிரார்த்தனைக்கு வந்திருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். லபோவுக்கு அவன் அத்தை மகன்; சாவு வீட்டில் அத்தை மகன் கேலி பேசுவது சிந்தர் ஊர் வழக்கம், பேசாவிட்டால்தான் அவன்மேல் குறை சொல்வார்கள்.

லபோவின் தங்கை அப்சத்து சிரிக்கவில்லை. முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவள் தோளில் லபோவின் நாலு வயது மகள் தலாத்து, காலையிலிருந்து அனலாய்க் கொதித்தாள்.

"ஆஸ்பத்திரியில ரத்தம் சோதிக்கற கண்ணாடித் துண்டைக் கழுவினவனுக்கு வாயைப் பாரு," என்றார் லபோவின் அப்பா, குர்ஆன் ஓதிக்கொடுக்கும் மாலம் காம்போ.

"கழுவறதுக்கு முன்னாடி மைக்ரோஸ்கோப்புல எட்டிப் பாப்பேன் மாமா. கிருமிப் பசங்க ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பானுங்க. புழுதிக் காத்துல தொண்டை வெடிச்சா ரத்தத்துல இறங்குவான். மூளையைச் சுத்தி மதில். எறும்பு மூச்சுகூடப் போகாது. இவன் இடிக்க மாட்டான். மதிலைக் கட்டிப் புடிச்சுப்பான். கல்லுக்கு நடுவுல இருக்கற பூச்சையெல்லாம் மதிலே அவன் பக்கம் அனுப்பிடும். விரிசல் விட்டதும் உள்ள போயிடுவான்."

"கண்ணுக்குத் தெரியாதவன் மதில் தாண்டினானாம்! அல்லாஹ் விதிச்சான், போனான்."

"விதிச்சவன்தானே ஊசியையும் குடுத்தான்?"

லபோவின் முதுகுத் தண்டில் நீர் எடுக்க ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியோடு வந்தபோது, உயிர்த்தண்ணி வடிந்துவிடும் என்று மகனை வீட்டுக்குத் தூக்கி வந்தவர் மாலம்தான்.

"புள்ளயக் கொண்டு போறேன்ப்பா," என்றாள் அப்சத்து.

"துக்கக் காய்ச்சல். ஓதி ஊதறேன்."

"ஏ அப்சத்து, என் பொண்டாட்டி! புள்ள மோவாயை நெஞ்சுல தொட வைக்கச் சொல்லு உங்கப்பாவ. மூளைக் காய்ச்சல்னா கழுத்து மடங்காது," என்றான் ஹபு. இப்போது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"நீ சும்மா இரு மச்சான்," என்றாள் அவள்.

மாலம் குழந்தையை வாங்கி மடியில் கிடத்தினார். பிடரியில் கை கொடுத்து மெல்லத் தூக்கினார். கழுத்து மடங்கவில்லை, முதுகு பலகைபோல் கூடவே எழுந்தது. குழந்தை வீறிட்டது. இன்னொரு முறை தூக்கப் போனவரின் கை பாதியில் நின்றது.

அப்சத்து செருப்பைத் தேடி மாட்டினாள். அப்பா எதிர்த்தால் எதிர்க்கட்டும் என்று குழந்தைக்குக் கை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"கடைசித் தொழுகையில லபோ என் பக்கத்துலதான் நின்னான்," என்றார், யாரையும் பார்க்காமல். "தலை குனியவே இல்ல. சுவரையே பாத்துக்கிட்டு நின்னான். திமிரான்னு அதட்டினேன். வலிக்குதுப்பான்னான்."

அப்சத்து வாசல் கதவைத் திறந்து பிடித்தாள்.

"அந்தக் கண்ணுக்குத் தெரியாதவன் அப்பவே மதிலைத் தாண்டிட்டான்," என்றார் மாலம். "முதுகுல ஊசி போடட்டும். புள்ளய நான் புடிச்சுக்கறேன்."