சிவப்பு மையில் ஓர் இல்லம்

கல்லூரியில் கதை எழுதும் வகுப்பில் எங்கள் கதைகளை ஒருவருக்கொருவர் மாற்றித் திருத்தச் சொன்னார்கள். என்னுடையது சக மாணவன் யாகப்பனிடம் போனது. கதையில், தொப்பூர் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து அடிபட்டுக் கிடக்கும் டிரைவர், “என்னை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று கதறுவார். யாகப்பன் அதைச் சிவப்பு மையால் அடித்து, ‘இல்லத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்று எழுதியிருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அடிபட்டுக் கெடக்கறவரு இப்படியா பேசுவாரு?” என்றேன்.

“கொச்சையா எழுதக்கூடாதுங்க, வஹிதா. மாத்திக் குடுத்துடுங்க.”

“மாத்த மாட்டேன். உக்காருங்க, பேசித் தீத்துக்கலாம்.”

“ஐயோ, பாலக்கோடு பஸ் போயிடுங்க. வூட்டுல தேடுவாங்க!”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவன் பேனாவையே வாங்கி, அந்த இல்லத்தை இடித்துவிட்டு என் வூட்டை மறுபடி கட்டினேன்.