மிதித்த காலை எடுக்காதே

எட்டு மணியிலிருந்து ஆரோக்கியராஜ் திண்டிவனம் ஷெட்டில் மேனேஜர் அறைக்கு வெளியே நின்றிருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லை. ஷூ கம்பெனிப் பெண்களை ஏற்றிப்போகும் வேனை இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். நேற்று கிளியனூர் வளைவில், மழையில் வழுக்கிப் புளியமரத்தில் கொண்டுபோய் இடித்துவிட்டார். முன் சீட்டிலிருந்த பொன்னிக்குக் கால் முறிந்துவிட்டது.

பதினொரு மணிக்குத்தான் மேனேஜர் தேவநாதன் கூப்பிட்டார்.

"பழைய வண்டிய மழையில யாராச்சும் ஒரே மிதியா மிதிச்சிக்கினு இருப்பாங்களா? வீலு லாக் ஆயி வழுக்கும்னு தெரியாது?"

"தெரியும் சார். இத்தினி வருசமா வுட்டு வுட்டுத்தான் மிதிச்சேன்."

"அப்புறம்?"

சொல்லவே வெட்கமாக இருந்தது. ஆறு மாதத்துக்கு முன், சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தானே விட்டு விட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் பிரேக் வைத்த புது வேன்கள் வந்தன. சட்டென மிதித்தால் பெடல் தடதடவென்று அதிரும். அவர் பயந்து காலை எடுத்துவிடுவார். அதற்கு இரண்டு மெமோ கொடுத்தவர் இதே தேவநாதன்தான். அதிர்ந்தால் அதிரட்டும், அழுத்தி மிதி, மிதித்த காலை எடுக்காதே, ஸ்டியரிங்கை மட்டும் திருப்பு என்று சொல்லிச் சொல்லி ஓட்டவைத்தார்கள். வேலை போய்விடுமே என்று பாடுபட்டுக் காலைப் பழக்கினார். நேற்று விடிகாலை, புது வேன் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று பழைய வேனின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"மாடு குறுக்க வந்துடுச்சி சார். யோசிக்க எங்க நேரம்? நீங்க பழக்குன மாதிரியே காலு அழுத்திப் புடிச்சிக்கிச்சி."

"அது புது வண்டிக்குச் சொன்னது. எந்த வண்டின்னு பாத்து ஓட்ட வேணாமா?"

"பழைய வண்டி வேணாம்னு நேத்தே சொன்னேனே சார். ஓட்டுனா ஓட்டு, இல்லாட்டி வீட்டுக்குப் போன்னீங்க."

தேவநாதன் ஒரு காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். டிரைவரின் கவனக்குறைவு என்று டைப் அடித்திருந்தது.

"கையெழுத்துப் போடு. நாளையிலேருந்து வர வேணாம். இல்ல, போலீசுல போய்ப் பேசிக்கிறியா?"

"இந்த வயசுல எனக்கு யாரு சார் வண்டி குடுப்பா? பொன்னி வீட்ல நான் இன்னான்னு சொல்றது?"

தேவநாதன் பேனாவை எடுத்து நீட்டினார். போட்டுவிட்டு வெளியே வந்தார்.

தூறிக்கொண்டிருந்தது. இன்னொரு பழைய வேனில் ராயப்பன் ஏறிச் சீட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஆறு மாதமாகப் புது வேனைத் தவிர எதையும் தொடாதவன்.

"ராயப்பா, வுட்டு வுட்டு மிதிடா."

இன்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. போய்வருகிறேன் என்று சொல்வதாக நினைத்து, கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, மதிய ஷிப்டுக்குப் பெண்களை ஏற்ற வண்டியை ரோட்டில் இறக்கினான்.