உள்ளிருந்து திறக்கும் பூட்டு

எந்தப் பூட்டு மக்கர் பண்ணினாலும் ஊரில் எல்லோரும் பூட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். பூட்டு விஷயத்தில் ஆள் கில்லாடி. தன் வாயைப் பூட்ட மட்டும் அவருக்குத் தெரியாது.

குடும்பம் பிரிந்ததும் அந்த வாயால்தான். மனைவி தையல்காரி, அவளும் பேச்சில் சளைத்தவள் இல்லை. ஒருநாள் சண்டை முற்றி, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதீங்க" என்றாள். "மிதிச்சா ஏன்னு கேளு" என்று சவடால் விட்டுவிட்டுக் கடையிலேயே குடியேறினார் மனிதர். மகள் வாண்டு அம்மாவிடம் இருந்தாள். மகளைப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை, அது சத்தியம். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெருதான். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே! பக்கத்துத் தெருவுக்குப் போகாத மனிதர் பஸ் பிடித்து வக்கீல் வீட்டுக்குப் போனார்.

"குழந்தை யார்கிட்ட இருக்கணும்னு முடிவு பண்றது குடும்ப கோர்ட்டு" என்றார் வக்கீல். "அங்க தீர்ப்பு வர்றதுக்குள்ள உங்க பொண்ணுக்குக் கல்யாண வயசு வந்துடும். மாஜிஸ்திரேட்டு சீக்கிரம் முடிப்பாங்க, ஆனா அவங்களுக்கு இதுல அதிகாரம் இல்ல. யாரையாவது அடைச்சு வச்சிருந்தா மட்டும் போலீஸ அனுப்பி மீட்டுட்டு வரச் சொல்லலாம். அதனால உங்க பொண்ண அடைச்சு வச்சிருக்காங்க."

"ஐயையோ, யார் சொன்னா?"

"நீங்கதான். இங்க கையெழுத்துப் போடுங்க."

மகள் வருவாள் என்றால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார் அவர். போட்டார்.

மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு ஊரில் எந்தக் கதவையும் உடைக்கச் சொல்ல அதிகாரம் உண்டு. தன் அறைக் கதவின் உடைந்த தாழ்ப்பாளை மாற்ற மட்டும் கிடையாது, அது கட்டடத் துறையின் வேலை. எழுதிப் போட்டு அலுத்துப்போய், கதவு ஆடாமல் இருக்க ஒரு தடித்த சட்டப் புத்தகத்தை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். சட்டம் அந்த அறையில் செய்த உருப்படியான வேலை அதுதான். மனுவைப் படித்துவிட்டு, குழந்தையை மீட்டுக் கொண்டுவந்து நிறுத்தும்படி உத்தரவு போட்டார்.

கடப்பாரையோடு போலீஸ் போனது. அடையாளம் காட்டப் பூட்டுக்காரரும், வேடிக்கை பார்க்க வக்கீலும் கூடவே போனார்கள். உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்ததால் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

"உடைங்கய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். கடப்பாரை மேலே போனது. பூட்டுக்காரர் குறுக்கே பாய்ந்தார்.

"ஐயோ சார், உடைக்காதீங்க! அது நான் போட்ட பூட்டு! உள்ளேருந்து லேசா திருகினா போதும், சின்னப் பிள்ளைகூடத் திறந்துடும். வெளியிலேருந்து திறக்க எங்கிட்ட சாவி இருக்கு!"

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். பூட்டுக்காரர் பெருமையோடு கதவைத் திறந்தார். உள்ளே அம்மா தைத்துக்கொண்டிருக்க, வாண்டு வெட்டுத் துணியில் பொம்மைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் அடைக்கவில்லை. ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே? பொம்மை உட்பட எல்லோரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

"அடைச்சு வச்சிருக்காங்கன்னு மனு போட்டவரே சாவி போட்டுத் திறந்திருக்காரு" என்று போலீஸ் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார் மாஜிஸ்திரேட் அம்மா. கோர்ட்டே சிரித்தது.

வக்கீல் விடவில்லை. "குழந்தைய அப்பாகிட்ட ஒப்படைக்கச் சொல்லி..."

"எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப எங்கிட்டதான் இருக்கணும்னு எழுதிக் குடுங்க மேடம்" என்றாள் தையல்காரி.

"அதுக்கும் இல்லம்மா. அடைச்ச கதவுன்னா நான் திறக்கச் சொல்லலாம். திறந்தே இருக்கிற கதவ என்ன பண்றது?"

"நான் எங்க மேடம் அடைச்சேன்? கோபத்துல வராதீங்கன்னு சொன்னேன். சொன்னா அப்படியே இருந்துடுவாரா ஒரு மனுஷன்?"

"வராதேன்னா எப்படிடீ வர்றது?" என்று கத்தினார் பூட்டுக்காரர்.

வாண்டு இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சாவி எப்பவும் உன்கிட்டதான் இருந்துச்சாப்பா?"

"ஆமாடா செல்லம்."

"அப்ப ஏன்ப்பா வரல? நான் தினமும் கதவுகிட்டயே உக்காந்திருந்தேனே."

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவருக்குப் பேச்சு வரவில்லை. கண்தான் நிறைந்தது. வக்கீல் பழக்க தோஷத்தில் எழுந்து, "இந்தக் கேள்விய ஆட்சேபிக்கிறேன்" என்றார்.

"உக்காருங்க" என்று அதட்டிவிட்டு, மாஜிஸ்திரேட் அம்மா பூட்டுக்காரரின் பக்கம் திரும்பினார்.

"அவளுக்குப் பதில் சொல்லுங்கன்னு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா நானும் காத்திருக்கேன்."