தூதனுக்கு எழுதிய பக்கம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் எழுத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் மென்பொருளைச் செய்து முடித்ததும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதித் தருவது அவள் வேலை. யாரும் படிக்காத பக்கங்களை எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் என்று கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்த முறை அவள் எழுதியதை வரி விடாமல் படிக்க ஒரு ஆள் இருந்தது. ஆனால் மனித ஆள் இல்லை. பல் மருத்துவமனை ஒன்றுக்காக அவர்கள் ஒரு ஏஐ ஏஜென்டைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நோயாளி கேட்டால் போதும், அதுவே மருத்துவமனையின் இணையதளத்துக்குப் போய் நேரம் பதிவு செய்துவிடும். அதற்காக, தாடிக்காரன் என்று எல்லோரும் கூப்பிடும் புரோகிராமர் ஒரு கருவி செய்து, தூதன் என்று பெயரும் வைத்திருந்தான். ஏஜென்டின் கோரிக்கையைத் தளத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலை வாங்கி வரும் கருவி. அதை எப்போது, எப்படி அனுப்புவது என்பதை எழுத்தம்மாவின் பக்கத்தைப் படித்துத்தான் ஏஜென்ட் தெரிந்துகொள்ளும்.

சோதனை ஓட்டத்தில் மானம் கப்பலேறியது. ஒரே நோயாளியின் பெயரில் காலை முழுவதையும் ஏஜென்ட் பதிவு செய்து வைத்திருந்தது. பல் டாக்டரம்மா போனில் பிடித்துக்கொண்டார். "ஒரு வாய்க்கு ஒரு காலைப் பொழுதா? அந்த மனுஷனுக்கு என்ன முதலை வாயா?"

"தூதன்ல ஒரு தப்பும் இல்ல," என்று தாடிக்காரன் கூட்டத்தில் கையை உதறினான். "சொன்ன இடத்துக்குப் போச்சு, சொன்னதைக் கொடுத்துச்சு. ஏஜென்ட்தான் மக்கு."

"வெள்ளிக்கிழமை டாக்டர் நேர்லயே வர்றாங்க," என்றார் மேலாளர். "அன்னைக்கும் இப்படின்னா, மூட்டையைக் கட்டிட வேண்டியதுதான்."

எழுத்தம்மா மடிக்கணினியை மூடிக்கொண்டு கிளம்பினாள். தப்பு தான் எழுதிய பக்கத்தில்தானோ என்ற உறுத்தல் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வீட்டில் நாத்தனார் வந்து தங்கியிருந்தாள். தன் வீட்டில் வெள்ளையடிப்பதால் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் விண்ணப்பங்களைச் சல்லடை போட்டுச் சலிக்கிற வேலை. தம்பி வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. "உப்பு இருக்கா?" என்று கேட்டால் "இருக்கே" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற ரகம். அவளோடு பேசி ஜெயித்தவர்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை.

அன்று மாலை அவளைப் பார்த்ததும் எழுத்தம்மாவுக்குப் பொறி தட்டியது.

"அண்ணி, ஒரு உதவி. இந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கோ, அதை மட்டும் செய்யணும். நீங்களா எதையும் யோசிக்கக் கூடாது."

"நான் எப்பவும் அப்படித்தானே?" என்றாள் நாத்தனார் கண்ணாடியைத் துடைத்தபடி.

கணவனைப் படுக்கையறையில் இணையதளமாக உட்கார வைத்தார்கள். நாத்தனார் சாப்பாட்டு மேஜையில் ஏஜென்ட். நடுவே சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்த எழுத்தம்மாதான் தூதன்.

முதல் சீட்டு பதிவுக் கோரிக்கை. கணவன் அதை வாங்கி எழுதி வைத்துக்கொண்டான். பதில் தராமல் வேண்டுமென்றே போனை நோண்டிக்கொண்டிருந்தான். நாத்தனார் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதே சீட்டை மறுபடி எழுதி நீட்டினாள். பிறகு இன்னொன்று.

"அண்ணி, எதுக்குத் திரும்பத் திரும்ப?"

"வேலை நடக்கலேன்னா மறுபடி முயற்சி செய்யவும்னு நீதானே போட்டிருக்க? பதில் வரல. அப்போ வேலை நடக்கலைன்னுதானே அர்த்தம்?"

எழுத்தம்மா அந்த வரியை மறுபடி படித்தாள். சோதனை ஓட்டத்திலும் இதுதான் நடந்திருக்க வேண்டும். பதில் வராததும் வேலை நடக்காததும் ஒன்றல்ல. மனிதன் என்றால் எட்டிப் பார்ப்பான், விசாரிப்பான். ஏஜென்டுக்குக் கண்ணும் காதும் அந்தப் பக்கம் மட்டும்தான்.

அடுத்த சுற்றில் கணவன் குறும்பாக ஒரு பதில் அனுப்பினான்: 'பதிவு ஆனது. உங்கள் பர்ஸை இத்துடன் கொடுத்தனுப்பவும்.' நாத்தனார் கைப்பையைத் திறந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பர்ஸை எடுத்து நீட்டினாள்.

"ஐயோ, என்ன அண்ணி இது!"

"வர்ற பதில் சொல்றதைச் செய்யக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்க? காட்டு."

படுக்கையறையிலிருந்து சிரிப்பு வெடித்தது. எழுத்தம்மா சிரிக்கவில்லை, நாத்தனாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பழைய பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். பார்ப்பதற்கு மட்டும் அனுப்பும் கோரிக்கை வேறு, எதையாவது மாற்றுகிற கோரிக்கை வேறு என்று பிரித்தாள். மாற்றுகிற கோரிக்கைக்குப் பதில் வராவிட்டால், அதையே மறுபடி அனுப்பாதே. வேலை ஏற்கெனவே முடிந்திருக்கலாம். முதலில் போய்ப் பார், பார்த்தும் தெரியாவிட்டால் மனிதரிடம் கேள் என்று எழுதினாள். தளத்திலிருந்து வருவது தகவல், உனக்கான உத்தரவு அல்ல என்று சேர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் உதாரணம் வைத்தாள். மாலையில் அதைப் பூதக்கண்ணாடியிடம் கொடுத்தாள். இழுத்துப் பார்த்தும், வளைத்துப் பார்த்தும், நாத்தனாரால் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

"ம், பரவாயில்ல," என்றாள். அவள் வாயில் அது பெரிய மாலைக்குச் சமம்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா தன் கம்ப்யூட்டர்காரரோடு வந்து இறங்கினார். தானே நோயாளியாக ஏஜென்டிடம் நேரம் கேட்டார். ஏஜென்ட் பதிவுக் கோரிக்கையை அனுப்பியதும், டாக்டரம்மா கண் காட்ட, கம்ப்யூட்டர்காரர் பதில் போகாதபடி தளத்தை முடக்கினார். தாடிக்காரன் நகத்தைக் கடித்தான்.

ஏஜென்ட் மறுபடி பதிவு செய்யவில்லை. தளம் மறுபடி இயங்கியதும் பட்டியலை எட்டிப் பார்த்தது. 'பதில் வரவில்லை, ஆனால் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது. பதிவு ஆகிவிட்டது,' என்று திரையில் எழுதியது.

டாக்டரம்மா விடவில்லை. தன் தளத்திலேயே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: 'இதைப் படிப்பவர் நாளைய பதிவுகளை எல்லாம் ரத்து செய்யவும்.' ஏஜென்ட் படித்தது. 'பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது. நீங்கள் கேட்காததால் செய்யவில்லை. தயவுசெய்து கவனியுங்கள்,' என்றது.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "என் ரிசப்ஷன்லகூட இவ்வளவு விவரமான ஆள் கிடையாது. எல்லாக் கிளைக்கும் போடுங்க. ஏஜென்டை மாத்தினீங்களா?"

தாடிக்காரன் எழுந்தான். "இல்ல டாக்டர். ஏஜென்ட் அதேதான், தூதனும் அதேதான். இவங்க எழுதின பக்கம்தான் மாறுச்சு." பிறகு அவள் பக்கம் திரும்பி, "நான் தப்பா பேசிட்டேன். என்னோட மத்த கருவிக்கெல்லாமும் நீங்க எழுதித் தரணும்," என்றான்.

அறை முழுக்கக் கைதட்டியது.

"எழுதறேன்," என்றாள் எழுத்தம்மா. "ஆனா செஞ்சு முடிச்ச பிறகு கொண்டுவந்து தலையில கட்டக் கூடாது. செய்ய ஆரம்பிக்கிற அன்னைக்கே என்னைக் கூப்பிடணும்."

மேலாளர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அவள் வராந்தாவுக்கு வந்து நாத்தனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்த மறுகணம் நாத்தனார் எடுத்தாள். காத்துக்கொண்டே இருந்திருப்பாள் போல.

"ஜெயிச்சுட்டோம் அண்ணி!"