சந்தனம் பூசிய ஐந்து தோட்டாக்கள்

ரயில்வே ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் தள்ளி ரிடையரான சந்திரமௌலிக்கு, இந்த உலகத்தில் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி: அப்பா விட்டுப்போன .315 ரைஃபிளின் தோட்டா ரகம் இன்னும் செத்துப்போகவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தின ரகமாயிற்றே என்று மாட்டுங்காவில் யாராவது வாயைத் திறந்தால் போதும். "ஒலிம்பிக்ல சுடறாளே பாயிண்ட் டூ டூ, அது இதைவிடக் கிழம் ஓய்!" என்று பிடித்துக்கொள்வார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடியவர்கள் உண்டு.

செம்பூர்ப் பக்கத்துத் துப்பாக்கிச் சங்கத்தில் அந்தத் தோட்டாவைச் சுடுகிறவர் அவர் ஒருவர்தான். ஒற்றை ஆள் சுடுவதற்குத் தனியாக ஒரு லேன் எதற்கு என்று செக்ரட்டரி நம்பிராஜன் கேட்டார். ஞாயிறன்று கமிட்டி முன்னால் ஐந்து குண்டு சுட வேண்டும். ஐந்தும் ஒரு சாஸர் அளவுக்குள் விழுந்தால் லேன் இருக்கும், இல்லையென்றால் மூடல். லேன் போனால் ரைஃபிள் பீரோவுக்குள் போகும். கூடவே தானும் போய்விடுவோம் என்று சந்திரமௌலிக்குப் பயம்.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. மனைவி அம்மிணி மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் பொட்டு வைத்தாள். இவர் இருப்பதிலேயே பளபளப்பான ஐந்து தோட்டாக்களைப் பொறுக்கி, உச்சி முதல் அடி வரை சந்தனம் பூசி, "தாயே, குறி தப்பப்படாது" என்று விழுந்து நமஸ்காரம் பண்ணினார். ஞாயிறு காலை வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்து எடுத்துப் போனார்.

கமிட்டி முழுக்க வந்திருந்தது. முதல் தோட்டாவை வைத்தார், ரைஃபிளின் போல்ட் மூடவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எடுக்கும்போது விரலில் மஞ்சளாக என்னவோ உதிர்ந்தது. காய்ந்த சந்தனம். அந்தத் தடிப்புதான் தோட்டாவை முழுசாக உள்ளே போகவிடவில்லை.

நம்பிராஜன் தோளில் கை வைத்தார். நல்ல மனுஷர். "ஜானே தோ சார், விடுங்க, ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. தோட்டா பழசாயிட்டு, அதான் மக்கர் பண்ணுது. லேனை கௌரவமா மூடிருவோம்."

எவ்வளவு அழகான வழி! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் கோணல் என்று ஊரே சொல்லத் தயாராக நின்றது. சந்திரமௌலி தலையைப் பாதி ஆட்டியும்விட்டார். அப்புறம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தோட்டா மேல தப்பே இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசினேன், சரியாத் தொடைக்கலை. நான்தான் முட்டாள்."

கமிட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்காதவள் சுடுமிடத்தைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசர் சாதனா மட்டும்தான். "அங்கிள், இன்னிக்கு நீங்க இதைத் தொடாதேங்கோ" என்று ரைஃபிளை வாங்கினாள். அதையும் தோட்டாக்களையும் சுத்தமாகத் துடைத்து, தானே படுத்துச் சுட்டாள். ஐந்தும் ஒரு காபி டம்ளரின் வாய்க்குள் அடங்கின.

நம்பிராஜன் மினிட்ஸ் எழுதிப் படித்தார்: "லேன் தொடரும். தோட்டாவில் குறை ஏதும் இல்லை. குறை உறுப்பினர் சந்திரமௌலியிடம் மட்டுமே." பிறகு தயங்கி, "இப்பிடி எழுதினா கோவிச்சுக்கிட மாட்டீயளே?" என்றார்.

சந்திரமௌலிக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனாவை வாங்கி, 'மட்டுமே'யின் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.